செக்கிங் மேஜைக்கு வரும் ஏஐ: சந்தேகங்களும் விளக்கங்களும்

பின்னலாடை ஆலைக்குத் துணிக்குறை பிடிக்கும் கேமரா, கண் மருத்துவமனைக்கு விழித்திரைப் படம் பார்க்கும் மென்பொருள், இறால் பண்ணைக்குத் தீவனக் கணக்கு, வக்கீல் அலுவலகத்துக்கு ஒப்பந்தம் வாசிக்கும் கருவி என ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி ஏஐ ஸ்டார்ட்அப்கள் முளைத்துவிட்டன. வாங்கலாமா என்று யோசிக்கும் ஆலைக்காரருக்கும், நாமே ஒன்றைத் தொடங்கலாமா என்று கணக்குப் போடும் இன்ஜினீயரிங் பட்டதாரிக்கும் மனதில் ஓடும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாத் தொழிலையும் பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் இங்கே பெரும்பாலும் திருப்பூர் பின்னலாடைத் துணியை வைத்தே பதில்கள். தேவைப்படும் இடத்தில் மட்டும் மருத்துவத்துக்கும் வேறு வியாபாரங்களுக்கும் போய்வரலாம்.

*சாட்ஜிபிடியே எல்லாம் செய்கிறதே, ஒரு தொழிலுக்கென்று தனி ஏஐ எதற்கு?*

பையருக்கு மெயில் எழுத, காஸ்டிங் ஷீட்டைச் சரிபார்க்க, ஆங்கிலத்தில் வந்த ஆர்டர் நிபந்தனைகளைத் தமிழில் புரிந்துகொள்ள பொதுவான ஏஐ போதும். இதற்கே வண்ணம் பூசி ‘ஏற்றுமதியாளர்களுக்கான ஏஐ’ என்று பெயர் வைத்து மாதக் கட்டணம் கேட்டால் தாராளமாக மறுத்துவிடலாம். இன்று சந்தையில் உள்ளவற்றில் இந்த ரகமும் கொஞ்சம் இருக்கிறது.

தனி ஏஐ தேவைப்படும் இடம் வேறு. சர்க்குலர் நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி பழுதானால் துணியில் நெடுகக் கோடு விழும். யாராவது கவனித்து நிறுத்தும்வரை ரோல் முழுக்க அது ஓடும். நூல் அறுந்தால் மெஷினை நிறுத்தச் சென்சார் ஏற்கெனவே உண்டு. ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை, லைக்ரா அறுபடுவது போன்றவற்றுக்குப் பெரும்பாலும் ஆபரேட்டரின் கண்தான். பல மெஷின்களை ஒருவரே பார்க்கும்போது, இரவு ஷிஃப்ட்டின் பின்பாதியில், அந்தக் கண் எவ்வளவு பார்க்கும் என்பது ஆலைக்காரர்களுக்குத் தெரியும். குறையுள்ள துணி சாயம் போடாத கிரேயாகவே பிடிபட்டால் நஷ்டம் நூலோடு போகும். சாயப்பட்டறைக்குப் போய்வந்த பிறகு தெரிந்தால் சாயம், தண்ணீர், சுத்திகரிப்புச் செலவும் சேரும். வெட்டித் தைத்த பிறகு என்றால் கூலியும் சேரும். கப்பல் ஏறிய பிறகு பையர் கண்டுபிடித்தால் இழப்பீடு கேட்டு கிளைம்.

இந்த ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த நிறுவனம் போர்ச்சுகலின் ஸ்மார்டெக்ஸ். நிட்டிங் மெஷினுக்குள்ளேயே கேமராவைப் பொருத்தி, குறை விழத் தொடங்கியதும் மெஷினை நிறுத்துவதுதான் அதன் பிரதானப் பொருள். 2021-ல் லிஸ்பனில் நடந்த வெப் சம்மிட் ஸ்டார்ட்அப் போட்டியில் அது முதலிடம் பெற்றது. ஊசிக்கோடு விழுந்த சிங்கிள் ஜெர்சி துணியின் படங்களை இணையத்தில் யாரும் லட்சக்கணக்கில் போட்டு வைக்கவில்லை. ஆலைக்குள் போய் மாதக்கணக்கில் எடுத்தால்தான் உண்டு. பொதுவான ஏஐ எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வளர்ந்தாலும் இந்த இடைவெளி சீக்கிரம் மூடாது.

*99 சதவீதம் துல்லியம் என்று சொல்லி விற்கிறார்கள். நம்பலாமா?*

அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு கற்பனைக் கணக்கு: 1,000 ரோல்களில் 20 ரோல் குறையுள்ளவை என்று வைத்துக்கொள்வோம். எல்லா ரோலும் நல்ல ரோல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவருக்கும் 98 சதவீதம் துல்லியம் கிடைத்துவிடும்!

இப்போது ஒரு நல்ல கருவியை எடுத்துக்கொள்வோம். குறையுள்ள 100 ரோலில் 95-ஐப் பிடிக்கிறது. நல்ல ரோல் 100-ல் 95-ஐச் சரியாகவே விட்டுவிடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. நம் 1,000 ரோலில் அது 19 கெட்ட ரோலைப் பிடிக்கும், ஒன்றைத் தவறவிடும். நல்ல ரோல் 980-ல் 49-ஐக் கெட்டது என்று சொல்லும். மொத்தம் 68 முறை அலாரம் அடித்ததில் 49 பொய். பத்துக்கு ஏழு முறை ஓடிப்போய்ப் பார்த்து ஏமாந்த ஆபரேட்டர் என்ன செய்வார்? இரண்டாவது வாரத்தில் அலாரத்தை அணைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எனவே விற்பவரிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள். உண்மையான குறைகளில் எத்தனையைப் பிடித்தது? அடித்த அலாரங்களில் எத்தனை உண்மை? இரண்டும் எந்த ஆலையில், எந்தத் துணியில் எடுத்தவை என்பதையும் கேளுங்கள். தடுமாறினால் அந்தக் கருவி இன்னும் ஆலையைப் பார்க்கவில்லை என்று பொருள்.

*இதற்குப் பயிற்சி கொடுப்பது யார்? கம்ப்யூட்டர் தானாகக் கற்றுக்கொள்ளாதா?*

படத்தைக் காட்டி ‘இது ஓட்டை, இது கறை, இது குறையே இல்லை’ என்று தொழில் தெரிந்த ஒருவர் குறித்துக் கொடுக்க வேண்டும். ஸ்டார்ட்அப்களின் பணமும் நேரமும் அதிகம் கரைவது இங்கேதான். இதைப் பற்றித்தான் விளம்பரங்களில் ஒரு வரிகூட இருக்காது.

மருத்துவத்தில் இதை எந்த அளவுக்குச் செய்தார்கள் என்று பார்த்தால் விஷயம் புரியும். சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைக் கண்டறியும் கூகுளின் ஆய்வு 2016-ல் வெளியானது. அமெரிக்காவில் எடுத்த படங்களோடு அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களும் அதில் பயன்பட்டன. மொத்தம் 1,28,175 படங்கள். 54 கண் மருத்துவர்கள் தரம் பிரித்தார்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு பேர் வரை பார்த்தார்கள். ஏழு பேர் எதற்கு? ஒரே படத்தைப் பார்த்து இரண்டு நிபுணர்கள் வேறுவேறு முடிவு சொல்வது சகஜம் என்பதால்தான்.

துணியிலும் அதே கதை. நான்கு புள்ளி முறை என்று உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள அளவுகோல் உண்டு. 3 அங்குலம் வரையுள்ள குறைக்கு 1 புள்ளி, 6 அங்குலம் வரை 2, 9 வரை 3, அதற்கும் மேல் 4. நூறு சதுர கஜத்துக்கு 40 புள்ளி வரை ஏற்பது பரவலான வழக்கம். நீளத்தை அளந்துவிடலாம். ஆனால் மங்கலான கோடு சாயம் போட்ட பிறகு மறையுமா, வெட்டும்போது ஓரத்தில் போய்விடுமா, இந்த பையர் இதைக் கண்டுகொள்வாரா என்பதெல்லாம் செக்கிங் மேஜையில் பல ஆண்டுகள் நின்றவரின் தீர்ப்பு. உள்நாட்டு பனியனில் யாரும் திரும்பிப் பார்க்காத கோடு, ஐரோப்பிய பிராண்டின் ஆர்டரில் ரோலையே திருப்பி அனுப்ப வைக்கும். கேமராவுக்குக் கோடு தெரியும், பையரைத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கும் மூத்த செக்கருக்கு ஸ்டார்ட்அப் என்ன கொடுக்கிறது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்கலாம்.

*டெமோவில் அசத்தியது ஆலைக்கு வந்ததும் சொதப்புவது ஏன்?*

கூகுளின் அதே கண் பரிசோதனைக் கருவியை 2018 இறுதியிலிருந்து தாய்லாந்தின் கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தார்கள். 1,838 படங்களில் 21 சதவீதம், தரம் போதாது என்று கருவியாலேயே நிராகரிக்கப்பட்டன. ஆய்வுக்கூடப் படங்கள் இருட்டறையில் எடுத்தவை. கிளினிக்கிலோ அப்படி இருட்டாக்க வசதியான தனி அறை எல்லா இடத்திலும் இல்லை. இணையம் மெதுவாக இருந்ததால் படம் மேலே ஏறுவதற்குள் வரிசை நீண்டது. செவிலியர்கள் தங்கள் கண்ணுக்கே நல்ல படம் என்று தெரிந்ததையும் கருவி ஏற்காததால் எரிச்சலடைந்தார்கள். கூகுள் இந்தச் சிக்கல்களைத் தானே ஆய்வுக்கட்டுரையாக 2020-ல் வெளியிட்டது. அந்த நேர்மை எல்லா ஸ்டார்ட்அப்பிடமும் கிடைக்காது.

நிட்டிங் ஆலையில் வெளிச்சத்தைவிடப் பெரிய வில்லன் பஞ்சு. லென்ஸில் படியும் பஞ்சைத் துடைப்பது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், ஒரு மாதத்தில் எல்லாத் துணியிலும் கறை இருப்பதாகக் கேமரா சொல்லத் தொடங்கும். அதிர்வு, மின்தடை, புதிதாக வந்த மெலாஞ் நூல், எல்லாமே மாடலைத் தடுமாற வைக்கும். பெங்களூரின் ரெமிடியோ நிறுவனம் விழித்திரைப் பரிசோதனையை இணையமே இல்லாமல் போனுக்குள்ளேயே நடக்கும்படி வடிவமைத்ததற்குக் காரணமும் இப்படிப்பட்ட களச் சிக்கல்கள்தான். இடத்தைப் பார்த்துவிட்டுச் செய்த பொருள் அது.

*ஏஐ தவறு செய்தால் யார் பொறுப்பு?*

எல்லாக் கேள்விகளிலும் பெரியது இது. ஒரு தொழிலில் ஏஐ நிலைக்குமா என்பதை அங்கே ஒரு தவறுக்கு என்ன விலை, அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பு எக்ஸ்ரேயை ஏஐ படித்துச் சந்தேகத்துக்குரியவர்களைப் பிரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும். மும்பையின் கியூர் டாட் ஏஐ உட்படச் சில நிறுவனங்கள் இதில் இருக்கின்றன. இங்கே ஏஐ ஒருவரைத் தவறாகச் சந்தேகப்பட்டால் அவருக்கு ஒரு சளிப் பரிசோதனை கூடுதலாக நடக்கும், அவ்வளவுதான். அடுத்த கட்டத்தில் பிழை திருத்தப்படும். அதனால் அங்கே அது வேர்பிடித்தது.

எதிர்ப்பக்கத்துக்கு அமெரிக்காவின் ஜில்லோ. வீட்டின் விலையை அல்காரிதம் கணிக்க, நிறுவனமே வீடுகளை வாங்கி விற்கும் தொழிலை நடத்தியது. பிழையைத் திருத்த அடுத்த கட்டமே இல்லை. கணிப்பு தவறினால் அதிக விலைக்கு வாங்கிய வீடு கையில் நிற்கும். 2021 நவம்பரில் அந்தப் பிரிவை மூடினார்கள். ஒரே காலாண்டில் 30 கோடி டாலருக்கு மேல் மதிப்பைக் கழித்து எழுத வேண்டிவந்தது. ஊழியர்களில் கால்வாசிப் பேரைக் குறைப்பதாக அறிவித்தார்கள்.

‘தவறு செய்தது ஏஐ, நாங்கள் இல்லை’ என்று கைகழுவ முடியுமா? ஏர் கனடா முயன்று பார்த்தது. துக்க நிகழ்வுக்குப் பயணம் செய்தவரிடம் அதன் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் சொல்லிவிட்டது. சாட்பாட் சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்கிற பாணியில் நிறுவனம் வாதாடியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்காமல் இழப்பீடு தரச் சொன்னது. தொகை சிறியது, ஆயிரம் டாலரைத் தொடவில்லை. வாதம் தோற்றதுதான் எல்லா நிறுவனங்களும் கவனித்த விஷயம்.

நம் ஊர்த் துணிக்கு வருவோம். கேமரா பார்த்து ‘சரி’ என்று விட்ட ரோலில் ஊசிக்கோடு இருந்து, சரக்கு ஐரோப்பா போய் கிளைம் வந்துவிட்டது. ஸ்டார்ட்அப் ஒப்பந்தங்களில் இத்தகைய இழப்புக்குப் பொறுப்பில்லை என்றோ, பொறுப்பு வாங்கிய கட்டணத்தைத் தாண்டாது என்றோ சிறிய எழுத்தில் இருப்பது வழக்கம். ஏற்றுமதி மதிப்பு லட்சங்களில், கட்டணமோ ஆயிரங்களில். மீதி ஆலைக்காரர் தலையில். கிளைம் முழுவதையும் ஏற்கச் சொல்லி எந்த ஸ்டார்ட்அப்பையும் கட்டாயப்படுத்த முடியாது. அப்படிச் செய்தால் முதல் கிளைமில் அது இழுத்து மூடப்படும். பேசி வாங்கக்கூடியது ஒன்று உண்டு: பழைய செக்கிங்கை ஒரு சீசனாவது நிறுத்தாமல், இரண்டையும் சேர்த்து ஓட்டும் காலத்துக்குக் கட்டணக் குறைப்பு.

மருத்துவக் கருவி என்றால் சட்டமே குறுக்கே நிற்கும். நோய் கண்டறியும் மென்பொருளும் மருத்துவ சாதனம் என்று 2020-ல் மத்திய அரசு வரையறுத்துவிட்டது. உரிமம் இல்லாமல் விற்க முடியாது.

*எங்கள் டிசைனும் தயாரிப்பு விவரமும் போட்டியாளருக்குப் போய்விடாதா?*

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் இது மனிதர்களைப் பற்றிய தரவுக்கான சட்டம். கேமராவில் பதியும் தொழிலாளியின் முகம் இதற்குள் வரும். உங்கள் துணியின் படமும் பையர் பெயரும் மெஷின் ஓடிய நேரமும் வராது.

அவற்றுக்கு ஒப்பந்தம்தான் வேலி. என் ஆலைப் படங்களை வைத்துப் பயிற்சி பெற்ற மாடலை அடுத்த ஆலைக்கும் விற்பீர்களா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். விற்பார்கள், அதுதான் அவர்கள் தொழில். நூறு ஆலைகளின் குறைகளைப் பார்த்த மாடல்தான் உங்களுக்கும் நன்றாக உழைக்கும் என்பதால் இதை ஒரேயடியாக மறுப்பது புத்திசாலித்தனம் இல்லை. சாதா துணியின் குறைப் படங்களைத் தரலாம். பிரிண்ட் டிசைனைத் தர வேண்டாம். ஒப்பந்தம் முடிந்ததும் படங்களை அழிக்க வேண்டும் என்ற வரி கட்டாயம் வேண்டும்.

*செக்கிங் பெண்களின் வேலை போய்விடுமா?*

இரண்டு செக்கிங்கைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தைத்து முடித்த பீஸைப் புரட்டிப் பார்த்து, நூல் வெட்டி, கறை தேடும் வேலையில் பெண்களே அதிகம். மடிந்து, சுருங்கி, கைக்குக் கை மாறும் ஆடையைப் படித்துச் சொல்வது கேமராவுக்கு இன்னும் கடினம். தட்டையாக ஓடும் துணியில்தான் அது சுலபமாக வேலை செய்யும்.

ஆகவே முதல் அடி நிட்டிங் பிரிவில் விழும். கேமரா இருக்கிறதே என்று ஓர் ஆபரேட்டருக்குக் கூடுதல் மெஷின்கள் ஒதுக்கப்படும். துணி ஓட்டிப் பார்க்கும் ஆட்கள் குறைவார்கள். வேலை போகாது, வேலையின் தன்மைதான் மாறும் என்று விற்பனைப் பிரதிநிதிகள் பாடும் பாட்டு பாதி உண்மை. வேலையை இழந்தவருக்கே புதிதாக வந்த வேலை கிடைப்பதில்லை.

*சொந்தமாகப் பெரிய மாடல் உருவாக்கக் கோடிகள் வேண்டாமா?*

வேண்டாம். துணிக்குறை கண்டுபிடிக்க, இலவசமாகக் கிடைக்கும் படம் பார்க்கும் மாடல்களில் ஒன்றை எடுத்து, சொந்தப் படங்களால் பழக்கி, மெஷின் பக்கத்திலேயே ஒரு சிறிய கம்ப்யூட்டரில் ஓட்டினால் போதும். பெரிய கணினி வேண்டுவோருக்கு, 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற இந்தியா ஏஐ திட்டம் மணிக்கு 100 ரூபாய்க்கும் குறைவான மானிய விலையில் ஜிபியு தருகிறது.

*ஏஐ என்று சொல்லிவிட்டு உள்ளே ஆட்களை வைத்து வேலை வாங்குவதாகச் சொல்கிறார்களே?*

நடந்திருக்கிறது. நேட் என்ற அமெரிக்க ஷாப்பிங் செயலி, ஏஐ தானாகப் பொருள் வாங்கித் தருவதாகச் சொல்லி 4 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டியது. உண்மையில் பிலிப்பைன்ஸில் இருந்த ஊழியர்களே அதைச் செய்தார்கள் என்று 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசுத் தரப்பு அதன் நிறுவனர்மீது மோசடிக் குற்றம் சாட்டியது. தொடக்கத்தில் ஆட்களை வைத்துப் படங்களைச் சரிபார்ப்பது தவறில்லை. மறைப்பதுதான் தவறு. வாங்குபவர் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, இணைய இணைப்பைக் கழற்றிவிட்டுக் கருவியை ஓட்டச் சொல்வது. மெஷின் பக்கத்திலேயே ஓடுவதாகச் சொன்னது அப்போதும் ஓட வேண்டும்.

*இதில் வருமானம் வருமா? பணம் எப்போது கைக்கு வரும்?*

தொழில்நுட்பத்தைவிட இந்தக் கேள்வியில்தான் ஸ்டார்ட்அப்கள் அதிகம் தடுக்கி விழுகின்றன. திருப்பூரில் நிட்டிங், சாயம், காம்பேக்டிங், பிரிண்டிங் எல்லாம் பெரும்பாலும் தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட்கள். நிட்டிங்காரருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கேமரா வாங்க வேண்டியவர் அவர். குறை குறைந்தால் பெரிய லாபம் அடைபவரோ ஏற்றுமதியாளர். ‘நான் ஏன் காசு போட வேண்டும்?’ என்று நிட்டிங்காரர் கேட்டால் பதில் இல்லை. குறைக்காகக் கூலியில் பிடித்தம் (டெபிட்) போடப்படும்போது மட்டும்தான் அவருக்கு வலிக்கும். மாடலை மெருகேற்றுவதில் ஓராண்டைச் செலவழித்த பிறகு இந்தக் கேள்வியைச் சந்திக்கும் இளைஞர்கள் பாவம்.

இதற்கு வழிகள் உண்டு. நூலிலிருந்து ஆடைவரை ஒரே கூரையின்கீழ் நடத்தும் பெரிய ஆலையில் தொடங்கலாம். ஏற்றுமதியாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு அவருடைய ஜாப் ஒர்க் யூனிட்களில் கேமரா பொருத்தலாம். கேமரா பார்த்த துணிக்குக் கிலோவுக்குச் சில காசு கூட்டித் தரச் சொல்லி இருவரையும் பேச வைக்கலாம். மூன்றாவது கடினம், ஆனால் சிறிய யூனிட்களுக்குள் நுழைய வேறு வாசல் இருப்பதாகத் தெரியவில்லை.

வசூல் இன்னொரு தலைவலி. சிறு, குறு நிறுவனமாக உத்யம் பதிவு செய்துகொண்டு, எழுத்துமூல ஒப்பந்தமும் இருந்தால், வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தராதபோது அந்தச் செலவைப் பணம் தரும் ஆண்டின் வருமான வரிக் கணக்கில்தான் கழிக்க முடியும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் கைகொடுக்கிறது. தொடக்க நிதிக்குத் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும், சில பிரிவுகளுக்கு 15 லட்சம். மதுரை, ஈரோடு, திருநெல்வேலியிலும் அதன் வட்டார மையங்கள் உண்டு. பத்து லட்சத்தில் இரண்டு மெஷினில் ஒரு சோதனை நடத்தலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

*காப்புரிமை வாங்கிவிட்டால் பாதுகாப்பு கிடைக்குமா?*

வெறும் கம்ப்யூட்டர் நிரலுக்கு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு இடம் கொடுப்பதில்லை. கேமரா, விளக்கு, மெஷினை நிறுத்தும் அமைப்பு சேர்ந்த கண்டுபிடிப்பு என்றால் முயலலாம். மெஷின் தயாரிக்கும் பெரிய நிறுவனமே நாளை கேமராவோடு மெஷினை விற்கத் தொடங்கினால் காப்புரிமைக் காகிதத்தைவிட, பல வகைத் துணிகளில் சேர்த்த குறைப் படங்களும் ஆலைக்காரர்களின் போன் எண்களும்தான் கைகொடுக்கும். பழைய மெஷின்களை யாரும் ஒரே நாளில் தூக்கிப் போடப்போவதில்லை.

*தொழில் தெரியாத இன்ஜினீயர் தொடங்கலாமா? ஆலைக்காரர் முதலில் என்ன செய்ய வேண்டும்?*

இன்ஜினீயர் தொடங்கலாம், நிட்டிங் மாஸ்டர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்காமல் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டு. ‘இது குறையே இல்லை, விடு’ என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும்.

ஆலைக்காரர் செய்ய வேண்டியது டெமோவுக்கு முந்தியே தொடங்குகிறது. கடந்த ஆறு மாதத்தில் எந்தக் குறைக்கு எத்தனை கிலோ துணி போனது, எவ்வளவு டெபிட் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். ஊசிக்கோட்டைவிடச் சாய வேறுபாட்டில்தான் அதிக நஷ்டம் என்று தெரிந்தால் நிட்டிங் கேமரா உங்களுக்குத் தேவையே இல்லை. தேவை என்று தெரிந்தால், வாங்கும் முன் குறையுள்ள ரோல்களையும் நல்ல ரோல்களையும் கலந்து, எது எது என்று சொல்லாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் துணி, உங்கள் மெஷின், இரவு ஷிஃப்ட். விற்க வந்தவர் பகலில் வருகிறேன் என்றால், பகலிலும் ஒரு முறை பார்த்துவிட்டு இரவுக்கும் வரச் சொல்லுங்கள்.